வெள்ளைப்புள்ளி என்றதும் பிளீச்சிங் பவுடரைத் தேடாதீர்கள்

மன்னார்குடியிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. தேவையான பகுதியை மட்டும் தருகிறேன்.

"எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. கோல்டு ஃபிஷ் இரண்டு, மோலி ஆறு, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் ஒன்று. இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. ஆவணியில் என் மகன், ஏழாவது படிக்கிறான், பாமணி ஆற்று வாய்க்காலில் பிடித்த கெண்டைக் குஞ்சு நாலைந்தை அதிலேயே விட்டான். தீபாவளிக்கு முந்தின வாரம் தஞ்சாவூர் போனபோது ஒராண்டா என்ற கோல்டு ஃபிஷ் வகையில் மூன்று வாங்கி வந்து விட்டோம். நாலாம் நாள் அடைமழை பிடித்தது. ஒராண்டா உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. கடைக்காரர் சொன்னபடி நீல மருந்து மூன்று சொட்டு விட்டேன். நாலு நாளில் புள்ளியெல்லாம் போய்விட்டது. நிம்மதியாக மருந்தை நிறுத்தினேன். அடுத்த சில நாளில் முன்பைவிட இரண்டு மடங்காக வந்து, ஒராண்டா இரண்டு செத்துவிட்டன. இப்போது மற்ற மீன்களிலும் புள்ளி தெரிகிறது. பழைய கோல்டு ஃபிஷ் ஒன்றின் முதுகில் வெள்ளை நூல் மாதிரி ஏதோ தொங்குகிறது. நுனி இரண்டாகப் பிரிந்திருக்கிறது, அடியில் சிவந்து வீங்கியிருக்கிறது. வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் என் கொழுந்தனார், 'வெள்ளைப்புள்ளிக்கு மருந்தே கிடையாது அண்ணி, எல்லாத்தையும் அள்ளிப் போட்டுட்டுத் தொட்டியில பிளீச்சிங் பவுடர் போடுங்க' என்கிறார். மாமியார் மஞ்சள் போடச் சொல்கிறார். மகன் அழுகிறான். கடைக்காரர் கொடுத்தது போலி மருந்தா? இது பிள்ளைகளுக்குத் தொற்றுமா? என்ன செய்யட்டும்?"

டீச்சர், முதலில் அந்தப் பிளீச்சிங் பவுடர் டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

உங்கள் கொழுந்தனார் மீது தப்பில்லை. அவர் பார்த்தது வேறு நோய். 1990-களின் நடுவில் நம் கடற்கரை இறால் பண்ணைகளைத் தூக்கிச் சாப்பிட்ட வெள்ளைப்புள்ளி ஒரு வைரஸ். இறால், நண்டு போன்ற ஓடுள்ள பிராணிகளைத்தான் பிடிக்கும், மீனைத் தொடாது. அதில் புள்ளி ஓட்டிலேயே படிந்திருக்கும், மருந்து கிடையாது, குளத்தைக் காலி செய்து கிருமிநீக்கம் செய்வதுதான் வழி. அந்த வேதனையைப் பட்டவர்களுக்கு 'வெள்ளைப்புள்ளி' என்ற சொல்லே வயிற்றில் புளியைக் கரைக்கும். உங்கள் தொட்டியில் இருப்பது ஓர் ஒட்டுண்ணி. பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. இதற்கு வைத்தியம் உண்டு, அதுவும் மளிகைக் கடையிலேயே கிடைக்கும்.

கடைக்காரர்கள் 'இக்' என்று சுருக்கிச் சொல்வார்கள். முழுப்பெயர் இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ். 1876-இல் ஃபூக்கே என்பவர் வைத்த பெயர். பெயரைப் பிரித்தால் 'பல பிள்ளை பெற்ற மீன்பேன்' என்று வரும். பேன் என்பது தவறு, இது ஒற்றைச் செல் உயிரி. ஆனால் பல பிள்ளை என்பது நூற்றுக்கு நூறு சரி. புள்ளி உள்ள இடத்தில் கண்ணாடித் தகட்டால் லேசாக வழித்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், உருண்டையாக, பழுப்பாக, உள்ளே குதிரை லாடம் போல வளைந்த ஒரு கருவோடு, அவசரமே இல்லாமல் சோழி புரள்கிற மாதிரி உருண்டுகொண்டிருக்கும். ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அப்புறம் சந்தேகமே வராது. நன்றாக வளர்ந்தது ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். அதனால்தான் கண்ணுக்கே தெரிகிறது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். புள்ளி ஏன் போனது, ஏன் திரும்பி வந்தது?

நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும் மீனின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது இல்லை, தோலுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்திருப்பது. மேலே மீனின் தோல் ஒரு கூரை மாதிரி மூடியிருக்கிறது. தண்ணீரில் கலக்கும் மருந்து பெரும்பாலும் அந்தக் கூரைக்குள் போய் அதைக் கொல்லாது. சில நாள் தின்று கொழுத்ததும் அதுவே தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே விழும். தொட்டியின் அடியில், கல்லில், செடியில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள்ளும் மருந்து எளிதில் நுழையாது. உள்ளே ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, சுமார் ஒரு நாளில் ஒரே கூட்டிலிருந்து சில நூறு குஞ்சுகள், சமயத்தில் ஆயிரம் வரை, நீந்திக்கொண்டு வெளியே வரும். இவற்றுக்குக் கூரையும் இல்லை, கூடும் இல்லை. ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். மருந்து வேலை செய்வது இந்த ஒரு கட்டத்தில்தான்.

ஆக, நாலு நாளில் உங்கள் புள்ளிகள் மறைந்தது மருந்தால் இல்லை. அவை தின்று முடித்துவிட்டு முட்டுக்கட்டை இல்லாமல் கீழே இறங்கிப் போயின. வயலில் கோரையை மேலோடு அறுத்தால் மறுநாள் வயல் சுத்தமாகத்தான் தெரியும், கிழங்கு அடியில் இருக்கும். நீங்கள் மருந்தை நிறுத்திய அன்றுதான் உண்மையில் மருந்து தேவைப்பட்டது. எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்குமேல் இதே கதை. "சரியாகிவிட்டது, திரும்ப வந்துவிட்டது" என்பார்கள். சரியாகவே இல்லை.

இந்தச் சக்கரம் சுற்றும் வேகம் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. 25 டிகிரி வாக்கில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நாலிலிருந்து ஆறு நாள். தண்ணீர் குளிரக் குளிர வாரக்கணக்கில் இழுக்கும். 30 டிகிரிக்கு மேல் போனால் அதனால் ஒழுங்காகப் பெருக முடியாது. இதனால்தான் சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துத் தொட்டிகளில் இந்த நோய் அதிகம் வருவதில்லை. கூடத்தில் வைத்த தண்ணீரே 31, 32 டிகிரி இருக்கும். ஐப்பசி அடைமழை ஆரம்பித்து, இரவில் தண்ணீர் சடாரென்று சில டிகிரி இறங்கும்போது மீனின் உடம்பு தளர்கிறது, ஒட்டுண்ணிக்கு வசதியாகிறது. மார்கழி முடியும்வரை இந்த ஆபத்து உண்டு.

பழைய மீன்களுக்கு முதலில் வராமல் ஒராண்டாவுக்கு மட்டும் வந்தது ஏன் என்று யோசித்திருப்பீர்கள். ஒரு முறை வந்து பிழைத்த மீனுக்குச் சில மாதங்கள் எதிர்ப்புச் சக்தி இருக்கும். ஆனால் அதன் உடம்பில் ஒன்றிரண்டு ஒட்டுண்ணி சத்தமில்லாமல் தங்கியிருக்கலாம். புது மீன் பயணக் களைப்போடு, பாலித்தீன் பையின் மூச்சுத்திணறலோடு வருகிறது. நோயைக் கொண்டுவந்தது ஒராண்டாவா, ஏற்கெனவே தொட்டியில் இருந்ததா என்று இப்போது கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

வைத்தியத்துக்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். ராத்திரி கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, செல்ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ரவையை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டினாற்போல, தனித்தனியாக, மேடாக, உடம்பிலும் துடுப்பிலும் ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் அது இக். ரவையைவிடப் பொடியாக, திருபுவனம் பட்டின் ஜரிகையை அரைத்துத் தூவினது போல மஞ்சளாக மினுங்கினால் அது வெல்வெட் என்ற வேறு ஒட்டுண்ணி. அதற்கு வெளிச்சம் வேண்டும், தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குவதும் வைத்தியத்தில் ஒரு பகுதி. பஞ்சு ஒட்டினாற்போலவோ, முதுகில் சேணம் போட்டது போலச் சாம்பல் திட்டாகவோ இருந்தால் பூஞ்சையாகவோ பாக்டீரியாவாகவோ இருக்கலாம். அந்தத் திட்டு உள்ள மீனுக்குத் தண்ணீரைச் சூடாக்கினால் நோய் இன்னும் வேகம் பிடிக்கும். அதனால்தான் பார்த்துவிட்டுச் செய்யச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஆண் கோல்டு ஃபிஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் நெஞ்சுத் துடுப்பின் முன் முள்ளிலும் மட்டும் வெள்ளை முத்துகள் வரிசையாக வரும். மீன் சுறுசுறுப்பாக, பெண் மீனைத் துரத்திக்கொண்டிருக்கும். இதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிக் கொன்ற வீடுகள் எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு அரும்பு மீசை வந்ததற்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன கதை.

உங்கள் கடிதத்தில் சொல்வதைப் பார்த்தால் இக்தான். மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்க்கின்றனவா, துடுப்பை ஒடுக்கி வைத்திருக்கின்றனவா, செவுள் வேகமாக அடிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். தோலில் பத்துப் புள்ளி தெரிந்தால் செவுளிலும் இருக்கும். மீனைக் கொல்வது பெரும்பாலும் செவுளில் இருப்பதுதான்.

கடைக்காரர் கொடுத்தது போலி இல்லை. அந்த நீல மருந்து, மெத்திலீன் புளூ, நல்ல மருந்து, மீன் முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும். இக்குக்கு அது சுமாரான மருந்து, அதுவும் சொட்டுக் கணக்கில் போதாது. அதோடு ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது அடிக்கும். அவை செத்தால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் சேரும். உங்கள் ஒராண்டாவில் ஒன்றாவது அம்மோனியாவால் போயிருக்கலாம். நீல மருந்தை நிறுத்திவிடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து அதில் அலசுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் இப்போதைக்கு வெளியே எடுத்து வையுங்கள், போடும் மருந்தை அது உறிஞ்சிவிடும்.

இனி கணக்கு. மூன்றடி, ஓரடி, ஒன்றரை அடி. பெருக்கினால் நாலரை கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 127 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் குறைத்துத்தான் தண்ணீர் விட்டிருப்பீர்கள், அடியில் கல் இருக்கிறது. 100 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுக்கும் யாரும் இந்தக் கணக்கைக் கேட்காமல் கொடுத்தால் அவர் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள்.

மளிகைக் கடையில் கல் உப்பு வாங்கி, 100 கிராம் வீதம் மூன்று பொட்டலமாக நிறுத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். உங்கள் கொழுந்தனார் வந்தால் வேதாரண்யத்து உப்பையே கொண்டுவரச் சொல்லலாம், அவருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கட்டும். அயோடின் கலந்த உப்பாக இருந்தாலும் அந்தச் சொற்ப அளவு மீனை ஒன்றும் செய்யாது. முதல் பொட்டலத்தை ஒரு வாளித் தொட்டித் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, இன்று சாயங்காலம், ஏர் பம்பின் குமிழி வரும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். உப்புக் கல்லை அப்படியே தொட்டியில் போட்டால் சக்கர் மீன் போய் அதன்மேல் படுத்துத் தோல் வெந்துவிடும். இரண்டாவது பொட்டலம் நாளைக் காலை. சாயங்காலம் சக்கரைப் பாருங்கள். வழக்கம்போலக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் மூன்றாவதையும் கரைத்து ஊற்றலாம். நிலைகொள்ளாமல் மேலும் கீழும் அலைந்தால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 2 கிராமிலிருந்து 3 கிராம், அவ்வளவுதான். மோலிக்கு இது கல்யாண விருந்து. கோல்டு ஃபிஷ் தாங்கும். வேலம்பாசி மாதிரிச் செடிகள் தாங்காது. அவற்றை ஒரு வாளியில் போட்டு மீன் இல்லாமல் இரண்டு வாரம் தனியே வையுங்கள். மீன் கிடைக்காமல் அதிலிருக்கும் ஒட்டுண்ணி தானே செத்துவிடும்.

கூடவே 100 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள். தெர்மாமீட்டரை நம்புங்கள், ஹீட்டரின் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். காலையில் ஒரு டிகிரி, மாலையில் ஒரு டிகிரி என்று ஏற்றி 30-இல் நிறுத்துங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், செவுளோ ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது. அதனால் ஏர் பம்ப் ராத்திரி பகல் ஓட வேண்டும். மழைக்காலத்தில் நம் ஊர் மின்சாரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, ஒரு சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே என் மீன்களில் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது.

தினமும் காலையில் சைஃபன் குழாயால் அடிக்கல்லை நன்றாகக் கிளறி உறிஞ்சி, 20 லிட்டர் தண்ணீரை வெளியேற்றுங்கள். கூடு கட்டி உட்கார்ந்திருப்பவை அங்கேதான் இருக்கின்றன. மருந்தைவிட இந்த வேலைக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். புதுசாக விடும் 20 லிட்டரில், மூன்று கிராம் கணக்கென்றால் 60 கிராம் உப்பு கரைத்து விடுங்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்டும்போது உப்புச் சேர்க்கக் கூடாது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும். நகராட்சித் தண்ணீரென்றால் ஒரு நாள் பிடித்து வைத்தோ, கடையில் விற்கும் ஆன்டி குளோரின் கலந்தோதான் விட வேண்டும். மழை நாளில் தண்ணீர் கலங்கலாக வரும்போது குளோரினும் கூடுதலாக இருக்கும். உறிஞ்சிய தண்ணீரைத் தென்னை மரத்தடியில் ஊற்றுங்கள், இந்த அளவு உப்பு தென்னையை ஒன்றும் செய்யாது. வாய்க்காலில் மட்டும் ஊற்றாதீர்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் புள்ளி குறையாது, கூடலாம். ஏற்கெனவே தோலுக்குள் போனவை வளர்ந்து கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கின்றன. பதறி வேறு மருந்தை ஊற்றாதீர்கள். ஐந்தாறு நாளில் குறையத் தொடங்க வேண்டும். புள்ளி சுத்தமாகப் போன பிறகும் ஒரு வாரம், மொத்தத்தில் 14 நாளாவது இதே உப்பு, இதே சூடு. இந்தத் தடவை புள்ளி போன அன்று மனசு "போதும்" என்று சொல்லும். அன்றைக்குத்தான் சைஃபன் குழாயை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஒரு வாரம் ஆகியும் குறையவில்லை என்றால் மாலகைட் கிரீன் கலந்த மருந்து, கடையில் பச்சை மருந்து என்பார்கள், பாட்டிலில் போட்டிருக்கும் அளவை 100 லிட்டருக்குக் கணக்கிட்டுப் போடலாம். தொட்டியில் சக்கர் இருப்பதால் பாதி அளவு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கர்ப்பிணிகள் தொட வேண்டாம். சாப்பிடும் மீன்களில் இந்த மருந்துக்குத் தடை இருக்கிறது, காரணம் இல்லாமல் இல்லை. ஃபார்மலின் கலந்ததும் விற்கிறார்கள். 30 டிகிரி சூட்டில் அதை நான் சொல்ல மாட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், குளிரில் அடிப்பக்கம் வெள்ளையாக உறைந்திருந்த பழைய ஃபார்மலின் பாட்டிலைக் குலுக்கி ஒரு தொட்டியில் விட்டேன். உறைந்த ஃபார்மலின் மீனுக்கு இன்னும் கொடிய விஷம் என்று பாடத்தில் படித்ததுதான், அன்று நினைவுக்கு வரவில்லை. அது தண்ணீரிலிருந்த ஆக்சிஜனையும் தின்றுவிட்டது. விடியற்காலை நாலரை மணிக்குப் பார்த்தபோது எல்லா மீனும் வாயை மேலே வைத்து மிதந்துகொண்டிருந்தன. அன்றிலிருந்து எந்த மருந்தும் ராத்திரியில் போடுவதில்லை. ஃபார்மலினையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், மீனுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் ஆபத்து.

சரி, அந்த நூல். இது இக்கோடு சம்பந்தமில்லாத இன்னொரு விருந்தாளி. நங்கூரப் புழு என்று பெயர். புழு என்று சொன்னாலும் உறவு முறையில் இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி. பெண் ஒட்டுண்ணி தலையை மீனின் சதைக்குள் புதைத்து, உள்ளே நங்கூரம் மாதிரிக் கொம்புகளை விரித்துக்கொள்ளும். வெளியே தொங்குவது உடம்பு. நுனி இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்றீர்களே, அவை இரண்டும் முட்டைப் பைகள். அது பெரிய செய்தி. அவை வெடித்தால் நூற்றுக்கணக்கில் குஞ்சு வரும். எனவே தள்ளிப்போட வேண்டாம், நாளைக்கே எடுத்துவிடுங்கள்.

இரண்டு பேர் வேண்டும். நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியில் மீனை வைத்து, கண்ணை மூடினாற்போலத் துணியைப் போர்த்தி ஒருவர் லேசாகப் பிடிக்கட்டும். கண் இருட்டானால் மீன் அடங்கும். இன்னொருவர் கூர்மையான ட்வீசரால், தோலில் நுழையும் இடத்துக்கு மிக அருகில் பிடித்து, நூல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே மெதுவாக, விடாமல் இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து தலை உள்ளே தங்கி அழுகும். முழுசாக வந்தால் நுனியில் நங்கூரம் தெரியும், மகனிடம் லென்ஸ் கொடுத்துக் காட்டுங்கள். காயத்தில் பஞ்சுக் குச்சியால் போவிடோன் அயோடின் ஒரு தொடு, செவுளில் படாமல். ஒரு நிமிடத்துக்குள் மீன் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். பிடுங்கியதைத் தொட்டிக்குள் போடாமல் நசுக்கிவிடுங்கள்.

தண்ணீரில் இதன் குஞ்சுகளும் இருக்கலாம். முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வர நம் சூட்டில் மூன்று வாரம் போல ஆகும். இக் வைத்தியம் முடிந்த பிறகு, டைஃப்ளூபென்சூரான் கலந்த நங்கூரப்புழு மருந்து கடையில் கிடைத்தால் அளவுப்படி போடுங்கள். அது ஓடுள்ள பிராணி சட்டை உரிப்பதைத் தடுத்துக் கொல்லும். மீனுக்குப் பரவாயில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் வாய்க்காலில் போனால் அங்குள்ள இறாலும் நண்டும் சாகும். உங்கள் கொழுந்தனார் பண்ணையின் பக்கம் அந்த பாட்டிலையே கொண்டுபோகாதீர்கள். மருந்து கிடைக்காவிட்டாலும் ஒரு மாதம் தினமும் ஒவ்வொரு மீனாகப் பார்த்து, புது நூல் தென்பட்ட உடனே, முட்டைப் பை வளரும் முன்பே எடுத்துக்கொண்டு வந்தால் ஒழிந்துவிடும்.

எங்கிருந்து வந்தது? வாய்க்கால் கெண்டைக் குஞ்சுகள்தான் என் சந்தேகம். ஆற்றில் தண்ணீர் வந்ததும் வலையையும் துண்டையும் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடாத பிள்ளை டெல்டாவில் உண்டா? நானும் ஓடியவன்தான். பையனைத் திட்டாதீர்கள். அடுத்த தடவை பிடித்து வரும் மீனுக்கு ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பை ஒதுக்கிக் கொடுங்கள். 40 லிட்டர் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். கடை மீனோ வாய்க்கால் மீனோ, எது வந்தாலும் மூன்று நாலு வாரம் அங்கே இருந்துவிட்டுத்தான் கூடத்துத் தொட்டிக்கு வர வேண்டும். அந்த டப்பின் வலையும் குழாயும் தொட்டிக்கு வரக் கூடாது, வந்தால் வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த பிறகு வரலாம். சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுவையும் குளத்துத் தண்ணீரோடு பிடித்த பூச்சியையும் தீனியாகப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அப்புறம், சக்கர் பெரிதாகிவிட்டது என்று உங்கள் ஊர் ஹரித்ராநதித் தெப்பக்குளத்திலோ பாமணி ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே போதுமான அளவு அட்டகாசம் செய்கிறது.

மாமியார் சொன்ன மஞ்சள். ஹரித்ரா என்றாலே மஞ்சள், அந்தக் கரையில் குடியிருப்பவர்களிடம் மஞ்சளைக் குறை சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கிறது. மனிதக் காயத்துக்குப் பத்துப் போடுவது வேறு. மஞ்சளின் சத்து தண்ணீரில் சரியாகக் கரையாது. பொடி மட்டும் அடியில் படிந்து தொட்டியைக் கெடுக்கும், தண்ணீர் கலங்கினால் புள்ளியையும் நீங்கள் பார்க்க முடியாது. "டாக்டர் உப்புப் போடச் சொன்னார்" என்று சொல்லுங்கள். உப்பு என்றால் அவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

பத்து நாள் ஆகியும் மீன்கள் செத்துக்கொண்டே இருந்தால், அல்லது புள்ளியே இல்லாமல் ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினால், கண்ணுக்குத் தெரியாத செவுள் தட்டைப்புழுவாக இருக்கலாம். அதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தலைஞாயிறில் மீன்வளக் கல்லூரி, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஃபோனில் கேட்டுக்கொண்டு காலையிலேயே போங்கள். செத்த மீனைக் கொண்டுபோகாதீர்கள். மீன் செத்த கொஞ்ச நேரத்தில் ஒட்டுண்ணிகள் இடத்தைக் காலி செய்துவிடும், உடம்பும் கெட ஆரம்பித்துவிடும். நோயோடு உயிராக இருக்கும் ஒன்றை, பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று என்று கட்டி எடுத்துப் போங்கள். தொட்டித் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் தனியாக.

கடைசியாகப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இக்கும் நங்கூரப் புழுவும் மனிதரைப் பிடிக்காது. ஆனால் மீன் தொட்டித் தண்ணீரில் சில பாக்டீரியாக்கள் இருக்கும், கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாகப் போனால் ஆறாத கொப்புளமாகும். கையில் காயம் இருக்கும் நாளில் மகன் தொட்டிக்குள் கைவிட வேண்டாம், மற்ற நாளில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இழுக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். குழாயை முழுசாகத் தொட்டிக்குள் அமுக்கித் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்துக் கீழே வாளியில் விட்டால் தானாக இறங்கும்.